டர்போ காரின் வலுவைக் கூட்ட நினைக்கும் வீடுகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

டர்போ என்றால் ஒரு காலத்தில் பஸ்ஸும் லாரியும்தான். இன்று டீசல் ஸ்விஃப்ட், இன்னோவா, நெக்ஸான், வென்யூ, போலோ என்று சாதாரணக் குடும்பத்து வாசலிலும் டர்போ வண்டி நிற்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், அந்த வீட்டில் வண்டிப் பைத்தியம் உள்ள பையன் ஒருவன் இருந்தால் "ரீமேப் பண்ணலாமா?" என்ற பேச்சு என்றைக்காவது வந்தே தீரும். ரீமேப் என்றால் என்ஜினின் கணினியில் உள்ள கட்டளைகளை மாற்றி வலுவைக் கூட்டுவது. பெரியவர்கள் "நல்லா ஓடுற வண்டிய ஏன் நோண்டணும்?" என்பார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

டர்போ என்ஜினில் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் வலுவை வெளியே எடுக்காமல் விட்டுவைப்பது உண்மை. மட்டமான எரிபொருள், கொளுத்தும் வெயில், ஆயில் மாற்ற மறந்த சொந்தக்காரர், ஐந்து பேரும் மூட்டையுமாக மலையேற்றம் என எல்லாவற்றையும் வண்டி தாங்க வேண்டும் என்பதற்காகவே அதை விட்டிருக்கிறார்கள். ரீமேப் செய்பவர் நமக்கு விற்பது அந்த ஒதுக்கீட்டைத்தான். எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நம் பராமரிப்பு அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்கே இந்தக் குறிப்புகள்.

1. புது வலுவைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே உள்ள வலு முழுதாக வருகிறதா என்று பாருங்கள். தக்கலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் நின்றிருந்தபோது ஒரு டீசல் வண்டி வந்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை வருகிறது, ரீமேப் செய்தால் சரியாகுமா என்று கேட்டார் வந்தவர். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். கிளிப்புக்குச் சற்றுக் கீழே நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. அதைச் சுற்றி ஆயில் கசிந்து, தூசி ஒட்டிக் கருத்திருந்தது. "பாத்தியளா அண்ணாச்சி, காத்து பூரா இதுவழியாப் போவுது. இத மாத்தாம ரீமேப் பண்ணி என்ன பிரயோசனம்?" என்று என்னிடம் காட்டினார். ஹோஸை மாற்றியதும் வண்டி பழைய இழுவைக்கு வந்துவிட்டது. வந்தவர் ரீமேப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். "டர்போ போச்சு" என்று சொல்லப்படும் வண்டிகளையும் முதலில் இந்த ஹோஸ், கிளிப்புகளிலிருந்து பார்க்கத் தொடங்குவது செலவைக் குறைக்கும்.

2. ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்து என்ஜினின் உடல்நிலை. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளவு சமமாக இருக்கிறதா, டீசல் என்றால் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவு நான்கிலும் ஒத்துப்போகிறதா, டர்போவின் தண்டைக் கையால் அசைத்தால் பக்கவாட்டில் அதிகம் ஆடுகிறதா, ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீடுகள் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒன்று தவறினாலும் வலுக் கூட்டும் திட்டத்தை ஒத்திவைத்து அதைச் சரிசெய்யுங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மென்பொருளையும் ஏற்றாதீர்கள்.

3. டர்போ எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்று வரை சுழல்கிறது. பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் தண்டு மிதக்கிறது. ஒரு முனையில் கொதிக்கும் புகை, மறுமுனையில் குளிர்ந்த காற்று, நடுவில் அந்த ஆயில். பின்னால் வரும் குறிப்புகளில் சில இந்த ஆயில் படலத்தைக் காப்பாற்றுவதற்கானவை.

4. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று கடைக்காரர்கள் பேசுவார்கள். ஸ்டேஜ் 1 என்பது என்ஜினின் கணினியில் உள்ள கட்டளைகளை மட்டும் மாற்றுவது. ஸ்டேஜ் 2 என்றால் டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் டவுன்பைப், பெரிய இன்டர்கூலர் போன்ற பாகங்களும் மாறும். ஸ்டேஜ் 3-இல் டர்போவே மாறும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடவும், ஆஸ்பத்திரிக்கு ஓடவும், திருவனந்தபுரம் விமான நிலையம் போய்வரவும் ஒரே வண்டிதான் என்றால் ஸ்டேஜ் 1-ஐத் தாண்ட வேண்டாம். அதிலும் மிதமான அமைப்பைக் கேளுங்கள்.

5. கம்பெனிக்காரரே வலுவைக் கூட்டியபோது என்ன செய்தார் என்று பாருங்கள், அதைவிட நல்ல பாடம் இல்லை. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் என்ஜின் இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட் மூன்று கம்பெனிக் கார்களிலும் ஓடியது. ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தந்தது. எர்டிகாவிலும் சியாஸிலும் 90 குதிரைத்திறன். அந்த 15 குதிரைத்திறனைக் கட்டளையை மாற்றி மட்டும் எடுக்கவில்லை, புகை வரும் வழியில் உள்ள இதழ்களின் கோணம் மாறும் வேறு வகை டர்போவைப் பொருத்தினார்கள். அப்போதும் டார்க்கை 200-க்கு மேல் கூட்டவில்லை. இப்போது யாராவது உங்கள் 75 குதிரைத்திறன் ஸ்விஃப்டை அதே சின்ன டர்போவோடு 100-க்கு மேல் கொண்டுபோகிறேன் என்றால், அந்தத் தண்டு எந்த வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். 2015-இல் ஃபியட் 145 குதிரைத்திறனுடன் அபார்த் புன்டோவைக் கொண்டுவந்தபோது நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

6. குதிரைத்திறனைவிட டார்க்கைக் கவனியுங்கள். கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடையும் உடைப்பது டார்க்தான். போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தபோது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். அதில் உள்ள ஏழு கியர் தானியங்கி டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் டிகியூ200 வகை. அது தாங்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர். ரீமேப்பில் கால் பங்கு கூட்டினால் 220-ஐத் தொடும். மிச்சம் இருப்பது 30. மேலும் அந்தக் கியர்பாக்ஸின் கிளட்ச் ஆயிலில் குளிக்காத உலர் வகை. திங்கள்நகரிலோ தக்கலை சந்திப்பிலோ அங்குலம் அங்குலமாக நகரும்போது அது சூடாகும். நெரிசலில் முன்னால் உள்ள வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்த்துங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

கையால் கியர் போடும் வண்டி என்றால் ரீமேப்புக்கு முன்பே கிளட்ச்சைச் சோதியுங்கள். காலியான நேரான சாலையில் நாலாம் கியரில் 2,000 சுற்றுக்கு வந்து முழுதாக மிதியுங்கள். சுற்றைக் காட்டும் முள் சட்டென்று மேலே ஏறி வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கூட்டிய டார்க்கை அது தாங்காது.

7. டியூனிங் பாக்ஸ் என்று சின்னப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். டீசல் வண்டியில் அது சென்சாரின் கம்பிக்கு நடுவே உட்கார்ந்து, எரிபொருள் அழுத்தம் குறைவாக இருப்பதாக என்ஜினின் கணினியை நம்பவைக்கும். கணினி அழுத்தத்தை ஏற்றும். பம்ப்பும் இன்ஜெக்டரும் தாங்க வேண்டிய அழுத்தம் கணினிக்கே தெரியாமல் கூடுகிறது. செய்வதென்றால் ஒழுங்கான ரீமேப் செய்யுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். நடுவழி இதில் கிடையாது.

8. ரீமேப் செய்த நேரடி ஊசி டர்போ பெட்ரோல் வண்டியைக் குறைந்த சுற்றில் முழுதாக மிதிப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். குறைந்த சுற்றில் அதிகக் காற்று அழுத்தம் சேரும்போது, பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாக வெடிக்கலாம். ஒரே ஒரு தடவை நடந்தாலும் பிஸ்டன் உடையவோ கனெக்டிங் ராடு வளையவோ வாய்ப்புண்டு. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது ஐந்தாம் கியரிலேயே 1,500 சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்துவது, பெரிய பல்சக்கரத்தை மாற்றாமல் மேட்டில் சைக்கிள் மிதிப்பதற்குச் சமம். கியரை ஒன்றிரண்டு இறக்கி, 2,000 சுற்றைத் தாண்டிய பிறகு மிதியுங்கள். ரீமேப் செய்பவரிடமும் 2,000 சுற்றுக்குக் கீழே டார்க்கைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி கிளம்பும்போது முதுகில் தள்ளும் அந்த உதை சற்றுக் குறையும். பரவாயில்லை.

9. ஆயில். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். கம்பெனி 15,000 கிலோமீட்டர் சொல்லியிருந்தால் 7,500-இல் மாற்றுங்கள். 10,000 என்றால் 5,000. ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம். ஃபில்டரும் கூடவே மாற வேண்டும். முழு சிந்தெடிக் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் தர எண்ணும் டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் டர்போ என்றால், கையேடு அனுமதிக்கும் வகைகளில் ஏபிஐ எஸ்பி தரம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 2020-இல் வந்த இந்தத் தரத்தில், முந்தைய குறிப்பில் சொன்ன அகால வெடிப்பைத் தடுப்பதற்கான சோதனையும் அடங்கியிருக்கிறது. டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி உள்ள பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியில் தங்கிவிடும், எரித்தாலும் போகாது.

நாகர்கோவிலுக்குள் வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும். மாதம் ஒரு காலை, வண்டியைக் கிளப்பும் முன், டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும். அப்படித் தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

10. கிளம்பியதும் முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடுவது, ஆயில் சரியாகப் போய்ச் சேராத தண்டைச் சுழற்றுவதாகும்.

11. நிறுத்தும்போது: வீட்டுத் தெருவுக்குள் மெதுவாக வந்து நிற்கும் வண்டியை உடனே அணைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் பாலமோர், காளிகேசம் போன்ற ஏற்றம் ஏறி வந்தாலோ, காவல்கிணறு சாலையில் வேகமாக ஓட்டிவந்து டீக்கடையில் சட்டென்று நிறுத்தினாலோ, ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். என்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். கொதித்துக்கொண்டிருக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கரியாகப் படியும். அந்தக் கரி அடுத்த முறை ஆயில் வரும் சிறு துளையை அடைக்கும். சில பெட்ரோல் வண்டிகளில் அணைத்த பிறகும் ஒரு மின்பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். டர்போவுக்குக் கூலன்ட் அனுப்புகிறது, பயப்பட வேண்டாம்.

12. கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் அழகாக இருக்கும், உறிஞ்சும் சத்தமும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில்லாமல் திறந்தபடி வைத்தால் பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றைத்தான் அது இழுக்கும். ஆயில் தடவிய துணி ஃபில்டரில் ஆயில் அதிகமானால் காற்றின் அளவை அறியும் சென்சாரில் படிந்து கணக்கைக் கெடுக்கும். கம்பெனிப் பெட்டியையும் கம்பெனித் தாள் ஃபில்டரையும் வைத்துக்கொண்டு, சொன்ன கிலோமீட்டரில் பாதியில் மாற்றுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் அந்த வழியே தினமும் போய்வருபவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தால் மடிப்புகளுக்குள் மணல் கிடக்கும்.

13. சூடுதான் எதிரி. டர்போ காற்றை அமுக்கும்போதே அது சூடாகிறது. இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்கு ஏறினால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். கூடவே கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் ஆபத்தும் கூடும். உடனே கணினி என்ஜினைக் காக்க வலுவைக் குறைக்கும். ஐரோப்பாவின் குளிர்ந்த ஊரில் எழுதிய ரீமேப் கோப்பை அப்படியே இங்கே ஏற்றினால், காகிதத்தில் உள்ள வலு சித்திரை வெயிலில் வராது.

நம் மாவட்டத்தில் இன்டர்கூலருக்கு இன்னொரு எதிரியும் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி என்று கடலோரம் நிறுத்தும் வண்டிகளில் இன்டர்கூலரின் அலுமினிய இதழ்கள் உப்புக்காற்றில் வெளுத்து, பொடியாக உதிரத் தொடங்கும். மாதம் இருமுறை முன்பக்கக் கிரில் வழியாக நல்ல தண்ணீரைச் சாதாரண ஹோஸில் பீய்ச்சிக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் அதிவேகத் தண்ணீரைக் கிட்டத்தில் அடிக்க விடாதீர்கள், இதழ்கள் மடிந்துவிடும். ஹோஸ் கிளிப்புகள் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரின் பிளக்கையும் என்ஜினுக்கு எர்த் தரும் கம்பியையும் வருடம் ஒருமுறை கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

14. ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றாதீர்கள். கையேடு சொல்லும் கூலன்ட்டை மட்டும், சொன்ன காலத்தில்.

15. எரிபொருள் பற்றி ரீமேப் செய்பவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பிஎஸ்6 சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்று இருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த இ-20-க்கு அது 95. ஆக்டேன் கூடுவது டர்போவுக்கு நல்லதுதான். ஆனால் எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. அதே வேலைக்கு இன்ஜெக்டர் அதிகம் பீய்ச்ச வேண்டும். இன்ஜெக்டரும் பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில் ஓடும்படி ரீமேப் செய்திருந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். 2023-க்கு முந்தைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லாப் பங்கிலும் கிடைக்காது. நீங்கள் தினமும் நிரப்பும் பங்கில் என்ன கிடைக்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் அமைப்பு இருக்க வேண்டும். வண்டியைப் பல நாள் சும்மா நிறுத்துவதானால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு டேங்கைப் பாதியாக வைக்காமல் நிரப்பிவைப்பது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

16. ஸ்பார்க் பிளக்கைக் கம்பெனி சொன்ன தூரத்தில் பாதியில் மாற்றுங்கள். காற்றழுத்தம் கூடினால் பொறி தாவுவது கடினம், அதனால் இடைவெளியைச் சற்றுக் குறைத்தோ, சூட்டை வேகமாகக் கடத்தும் ஒரு படி குளிர்ந்த வகையையோ போடச் சொல்வார்கள். எந்த எண் பிளக் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

17. புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வை அடைப்பது, டிபிஎஃப்பை உடைத்தெடுப்பது, கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது இந்த மூன்றையும் யார் எவ்வளவு சொன்னாலும் செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். வீட்டுக் குழந்தைகளும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் சுவாசிக்கும் காற்றில்தான் அந்தப் புகை போகிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். டிபிஎஃப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றால் வண்டிக்கு நீண்ட ஓட்டம் கிடைக்கவில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வரை, ஒரே சீரான வேகத்தில், சுற்று 2,000-க்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டிவாருங்கள். பெரும்பாலும் அதிலேயே படிந்த கரி எரிந்து போய்விடும்.

18. சைலன்சரை மாற்றுவதால் மட்டும் வலு கூடாது. சத்தம் கூடும், அவ்வளவுதான்.

19. வலுவுக்கு முன் பிரேக். தேயாத, வேகத்துக்கு ஏற்ற குறியீடு உள்ள டயர், நல்ல பிரேக் பேட், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது பிரேக் ஆயில். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் வகைதான்; தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் அது சீக்கிரம் கெடும். ஈரம் சேர்ந்த ஆயில் பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சாக உள்ளே போகும். ரீமேப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் இங்கே செலவிடுங்கள்.

20. தேங்கிய மழைத்தண்ணீரில் டர்போ வண்டியை இறக்காதீர்கள். காற்று இழுக்கும் வாய் பல வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்ஷூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

21. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி துளையில் செருகும் சின்னக் கருவி ஒன்றும் செல்போன் செயலி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் சூடு, பூஸ்ட் அழுத்தம், கூலன்ட் சூடு, எரிபொருள் திருத்தச் சதவீதம் (ஃபியூயல் ட்ரிம்) ஆகியவற்றை ரீமேப்புக்கு முன் ஒருநாள் பதிவு செய்யுங்கள். அதே சாலையில், அதே நேரத்தில், ரீமேப்புக்குப் பின்னும் பதிவு செய்யுங்கள். திருத்தச் சதவீதம் தொடர்ந்து பத்துக்கு மேலே போனால் ஏதோ கசிகிறது அல்லது எரிபொருள் போதவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் பதிவுகளைக் காட்டுங்கள். பதிவைப் பார்க்க மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

22. வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: என் வண்டியின் அசல் கோப்பை முதலில் எடுத்து எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? வலு அளக்கும் டைனோவில் முன்னும் பின்னும் ஒரே நாளில் அளந்து காட்டுவீர்களா? டார்க் எல்லை எவ்வளவு வைக்கிறீர்கள்? கூட்டிய பிறகும் சூடு ஏறினால் வலுவைக் குறைக்கும் பாதுகாப்புக் கட்டளைகளைத் தொடாமல் விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். அந்தப் பாதுகாப்பை அணைத்துத்தான் நிறையப் பேர் பெரிய எண்ணைக் காட்டுகிறார்கள்.

23. சட்டத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. களியக்காவிளை தாண்டினால் மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் கேரள மோட்டார் வாகனத் துறை கண்டிப்பாக இருக்கும் என்பது திருவனந்தபுரம் போய்வரும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். டிஎன் 74, டிஎன் 75 எண் பலகை அங்கே விலக்கு வாங்கித் தராது. சந்தேகம் இருந்தால் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரிந்தால் இழப்பீட்டை மறுக்க அது காரணமாகலாம். வாரன்ட்டி மிச்சமிருக்கும் வண்டியில் கையே வைக்காதீர்கள். ரீமேப்பைத் திரும்ப எடுத்துவிட்டாலும் சில கம்பெனிகளின் ஸ்கேனரில் தடம் தெரியும்.

24. வேகம்தான் வேண்டும் என்று பையன் பிடிவாதமாக இருந்தால் அவனைக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ ஒருநாள் கூட்டிப்போங்கள். எதிரே பஸ்ஸும் ஆடும் வராத இடத்தில் வேகம் பார்க்கட்டும்.

25. கழற்றிய கம்பெனிப் பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் சாக்கில் கட்டிவைத்து, அசல் கோப்பைப் பென்டிரைவில் ஆர்சி நகலோடு வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் ரீமேப் விஷயத்தைச் சொல்லி இரண்டையும் ஒப்படையுங்கள். நீங்களே பழைய டர்போ வண்டி வாங்குவதானால் இதையே கேளுங்கள்: ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இருக்கின்றனவா, ஹோஸ் கிளிப்புகளில் கழற்றிப் போட்ட தழும்பு உண்டா, ஷோரூம் ஸ்கேனரில் மென்பொருள் எண் கம்பெனிப் பதிவோடு ஒத்துப்போகிறதா. பில் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.